துட்டி வீட்டுப் பாட்டு

எங்கள் பக்கத்தில் ‘சாவு வீடு’ என்று யாரும் சொல்வதில்லை. துட்டி வீடு. சபைக் கோயில் மணி இடைவெளி விட்டு ஒற்றை ஒற்றையாக அடித்தால் துட்டி என்று அர்த்தம். மணிச்சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு என் ஆச்சி தேடுவது பாட்டுப் புத்தகத்தைத்தான். முந்தானையால் துடைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஆச்சிக்கு எழுத்து தெரியாது. பல நாள் புத்தகத்தைத் தலைகீழாக விரித்து வைத்துக்கொண்டு பாடியிருக்கிறாள். மூன்றாம் வகுப்பில் இருந்த நான் ஒருதரம் அதை நேராகத் திருப்பி வைக்கப் போய், தொடையில் கிள்ளு வாங்கினேன்.

சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மண் தேரியும் பனங்காடும் தொட்டுக்கொள்கிற இடத்தில் எங்கள் ஊர். முதலூர் நடந்துபோகிற தூரம்தான். சொந்த ஊரில் இருக்க முடியாமல் அலைக்கழிந்த கிறிஸ்தவர்களுக்காக 1799-ல் தாவீது சுந்தரானந்தம் ஏற்படுத்திய குடியிருப்பு அது. திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்றே உண்டான முதல் ஊர் என்பதால் அந்தப் பேர். ஆக எங்கள் பக்கத்துச் சபைகளின் கதையே விரட்டப்பட்டவர்களிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. பாட்டைப் பற்றிப் பேச வந்தவள் இதை ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டும் ஒன்றை ஒன்று விடாது.

ஆச்சி பாடின காலம், ஐஸ் பெட்டி வராத காலம். சாயங்காலம் உயிர் போனால் மறுநாள்தான் அடக்கம். மெட்ராஸிலிருந்தோ கொழும்பிலிருந்தோ மகன் வரவேண்டியிருந்தால் இன்னும் தள்ளிப்போகும். ராத்திரி முழுக்க முற்றத்தில் பெட்ரோமாக்ஸ் இரையும். ஆண்கள் வெளியே பெஞ்சில், பெண்கள் உள்ளே ஓலைப்பாயில். பக்கத்து வீட்டிலிருந்து கருப்பட்டிக் காப்பி பானையோடு வரும். பாட்டு மட்டும் நிற்காது. ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். வாசிக்கத் தெரியாத சபைக்குப் பாட்டு வந்து சேர்ந்த வழி அதுதான். ஆச்சி ‘எடுத்து விடுகிறவள்’. ஊரில் அப்படி மூன்று பேர் இருந்தார்கள். யார் குரல் பெரிசு என்று அவர்களுக்குள் ஒரு புகைச்சலும் இருந்தது.

அப்போது எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்று. பாடுகிற பாட்டெல்லாம் சந்தோஷப் பாட்டு. மோட்சத்தின் வெளிச்சம், பொன் வீதி, மீட்பர் முகத்தைப் பார்க்கப்போகிற நாள், தீர்ந்துபோன பாவக்கடன் என்று வார்த்தைக்கு வார்த்தை ஆனந்தம். ஆனால் அதைப் பாடுகிற விதமோ அழுகைக்கு அடுத்த வீடு. ஒரு நிமிஷத்தில் முடியவேண்டிய சரணத்தை மூன்று நிமிஷத்துக்கு இழுப்பார்கள். அடி முடிகிற இடத்தில் குரல் மேலே ஏறி, ஒரு விக்கலோடு அறுந்துபோகும். அடுத்த அடியை இன்னொருத்தி கையில் வாங்குவதுபோல வாங்கிக்கொள்வாள்.

ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில் பாட்டு டீச்சர் ஒருவர், நாங்கள் பாடியதைக் கேட்டுவிட்டு ஆர்கனை மூடி வைத்துவிட்டார். “பாட்டைக் கொல்லாதீங்கம்மா. இது ஜெர்மன் மெட்டு. கால் தரையில் பட்டு நடக்கிற மாதிரிப் போகணும்” என்றார். புத்தகத்தில் பாட்டுக்கு மேலே 8, 7, 8, 7 என்று போட்டிருக்கும் எண்கள் அசைக்கணக்கு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை ஏதோ அச்சாபீஸ் கணக்கு என்று நினைத்திருந்தேன். ஜெர்மன் மெட்டு என்ற சொல் மனதில் தங்கிவிட்டது. பனங்காட்டுக்குள் ஜெர்மன்காரன் பாட்டு எப்படி வந்தது? முப்பத்துநான்கு வருஷம் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் பாடம் எடுத்துக்கொண்டே, கிடைத்த நேரத்தில் அதைத் தேடிப் படித்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டு முழுக்க எழுதி வைத்திருக்கிறேன்.

வந்த வழி தரங்கம்பாடி. 1706 ஜூலையில் அங்கே இறங்கிய சீகன்பால்கும் புளுட்சோவும் ஜெர்மனியில் ஹாலே ஊர்ப் பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். சம்பளம் கொடுத்தது டென்மார்க் ராஜா. அந்த ராஜாவின் கோட்டைத் தளபதியே சீகன்பால்கை நாலு மாதம் சிறையில் போட்டார். தமிழில் பாட்டுக் கட்டுகிற வேலை அவர் நாளிலேயே ஆரம்பித்துவிட்டது. ஆனால் நாங்கள் ஞானப்பாட்டு என்று சொல்லி வளர்ந்ததில் பெரும்பங்கு அவருக்குப் பின்னால் வந்த பெப்ரிசியஸ் ஐயருடையது. சென்னை புரசைவாக்கத்தில் அவர் பேரில் பள்ளிக்கூடம் இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். 1740-ல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742-லிருந்து சென்னையில் இருந்தார். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் பட்டணத்தைப் பிடித்தபோது மிஷன் கோயில் இடிபட்டது. மனிதர் பழவேற்காட்டுக்கு ஓடினார். பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டபோது மறுபடியும் ஓட்டம். இந்த ஓட்டங்களுக்கு நடுவில்தான் வேதாகம மொழிபெயர்ப்பு, அகராதி, பாட்டு எல்லாம். அவருடைய வேதாகமத்தை லுத்தரன் சபையார் வெகுகாலம் கையில் வைத்திருந்தார்கள். கடைசிக் காலமோ பரிதாபம். தமிழில் மகாகெட்டிக்காரர், பண விஷயத்தில் பச்சைப்பிள்ளை. மற்றவர்களுக்குக் கடனாகக் கொடுத்த பணம் திரும்பவில்லை. கடன்காரர் சிறையில் கிடந்தார். 1791-ல் இறந்தார்.

பாவக்கடன் தீர்ந்தது என்று எங்களுக்குப் பாட்டுக் கொடுத்தவர் சொந்தக் கடன் தீராமல் ஜெயிலில் இருந்தவர். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெப்ரிசியஸ் கொண்டுவந்த பாட்டுகளுக்குப் பின்னால் இன்னொரு வரிசை நிற்கிறது. எங்கள் கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமை, முள்முடி சூடிய தலையைப் பார்த்துப் பாடுகிற அந்த நீளப் பாட்டை ஜெர்மனில் எழுதியவர் பவுல் கெர்ஹார்ட். 1607-ல் பிறந்தவர். பதினோரு வயதில் முப்பதாண்டுப் போர் ஆரம்பித்தது. அது ஓய்ந்தபோது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. பிறந்த ஐந்து பிள்ளைகளில் நாலு பேரைப் பறிகொடுத்தார். பெர்லினில் பார்த்த ஊழியம், ராஜாங்க உத்தரவுக்குக் கையெழுத்துப் போட மறுத்ததால் போனது. பிறகு மனைவியும் போனாள். அவர் பாட்டுகளைப் படித்தால் வசந்த காலமும் தோட்டமும் மகிழ்ச்சியும் பொங்குகிறது. அவருக்கும் முந்தியவர் பிலிப் நிக்கோலாய். 1597-ல் ஊனா என்ற ஊரில் குருவாக இருந்தார். அங்கே கொள்ளைநோய் வந்து, ஆறேழு மாதத்தில் சுமார் 1,300 பேர் செத்தார்கள். அவர் வீட்டு ஜன்னல் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருந்தது. சில நாளில் முப்பது குழிவரை வெட்டினார்களாம். அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் எழுதி 1599-ல் அச்சுக்குக் கொடுத்த புத்தகத்தின் பேரைத் தமிழில் சொன்னால் ‘நித்திய வாழ்வின் ஆனந்தக் கண்ணாடி’. உலகமெங்கும் பாடுகிற அவருடைய இரண்டு பெரிய பாட்டுகள் அதன் கடைசியில்தான் இருக்கின்றன.

இப்படிப் பார்த்தால் ஆச்சி தேரி ஓரத்தில் இழுத்தது ஒன்றும் தப்பில்லை என்று எனக்குத் தோன்றியது. பிணம் கிடக்கிற வீட்டில் பிறந்த பாட்டு, பிணம் கிடக்கிற வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நடுவில் ஆர்கனும் கோட்டு சூட்டும் வந்து அதைக் கொஞ்ச நாள் நிமிர்த்தி நடக்க வைத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

ஞானப்பாட்டு பாதி என்றால் கீர்த்தனை மறுபாதி. அது நம்முடைய சரக்கு. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். பாளையங்கோட்டைச் சபையின் முதல் பதிவேடு 1780-ல் எழுதியது. நாற்பது பேர் கொண்ட அந்தப் பதிவேட்டில் அவருடைய தகப்பனார் தேவசகாயமும் உண்டு. மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் பையனைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார். பின்னாளில் ராஜாவான சரபோஜி கூடப் படித்தவர். குறவஞ்சி, கும்மி, நாடகம் என்று எதையும் விடாமல் கிறிஸ்துவுக்காகப் பாடி, கதாகாலட்சேபமும் செய்தார். புதிதாக வந்த மிஷனரிகளோடு அவருக்குப் பெரிய சண்டை. புது வேதாகம மொழிபெயர்ப்பு, கோயிலில் பாட்டு, சாதிவாரி இருக்கை என்று பல விஷயம் அதில் கலந்திருந்தது. 1829-ல் சபை வேலை போனது. சாதிவாரி இருக்கையில் அவர் நின்ற பக்கம் தப்பான பக்கம் என்பது என் கட்சி. எங்களைப் போன்ற பனையேறிக் குடும்பத்துக்காரி வேறு எப்படிச் சொல்வாள்? ஆனாலும் அவர் கட்டிய கீர்த்தனை இல்லாமல் எங்கள் ஊரில் கல்யாணமும் இல்லை, துட்டியும் இல்லை. மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப் 1853-ல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்ட பிறகு அவை தெற்கே பரவின. ஆனந்த பைரவி, சஹானா, செஞ்சுருட்டி என்று தலையில் ராகம் போட்டிருக்கும். ஆச்சிக்கு எல்லா ராகமும் ஒன்றுதான்: ‘துட்டி இழுப்பு’.

அந்த இழுப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு நோட்டில் விடை கிடைக்கவில்லை, ஊரில் கிடைத்தது. சபையில் சேர்ந்தவர்கள் ஒப்பாரியையும் மாரடிப்பதையும் கொட்டு மேளத்தையும் விடவேண்டும் என்று மிஷன்காரர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். நம்பிக்கை உள்ளவன் கல்லறைக்கு முன்னால் தலைவிரித்து அழக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். அப்போஸ்தலன் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். பெண்கள் ஒப்பாரியின் வார்த்தையை விட்டார்கள். ராகத்தை விடவில்லை. அதை அப்படியே கொண்டுபோய் ஞானப்பாட்டுக்குள் வைத்துவிட்டார்கள். கண்டுபிடிக்க யாரால் முடியும்? வார்த்தையெல்லாம் சுத்தமான வேதம்.

அப்படி ஒரு துட்டி 1970 வாக்கில் நடந்தது. பங்குனி கழிந்து பதனீர் நன்றாக இறங்குகிற காலம். எங்கள் தெருவில் ஒரு பனையேறி, இருபத்தெட்டு வயதிருக்கும், காலை ஏற்றத்தில் மரத்திலிருந்து விழுந்துவிட்டான். கட்டிலில் தூக்கி வருகிறபோதே உயிர் இல்லை. அவன் பனையேறுகிற முருக்குத்தடியையும் அருவாப்பெட்டியையும் யாரோ கூடவே எடுத்து வந்து திண்ணையில் வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் பாளை அரிவாள், சுண்ணாம்பு. ஏறும்போது காலில் மாட்டுகிற திளாப்பு மட்டும் காலிலேயே சிக்கிக் கிடந்தது. அதை அறுத்து எடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை. பெண்டாட்டிக்கு இருபத்திரண்டு வயது, இடுப்பில் பிள்ளை. அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது.

எங்கள் சபை உபதேசியார் நல்ல மனுஷர்தான். ஆனால் அன்று அவர் அவள் பக்கத்தில் வந்து, “ஏம்மா, இப்பிடி அழலாமா? அவன் ஆண்டவர்கிட்டல்லா போயிருக்கான். அழாதே, பாடு” என்றார்.

ஆச்சி கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தாள். “உபதேசியாரே, லாசரு செத்த வீட்டுல ஆண்டவரே அழுதாருல்லா? இன்னும் செத்த நேரத்துல எழுப்பப் போறோம்னு அவருக்குத் தெரியாதாக்கும்? தெரிஞ்சே அழுதாரு. அவ அழட்டும். பாட்டை நாங்க பாடுதோம்.”

உபதேசியார் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் ஆண்களோடு உட்கார்ந்துகொண்டார். ஆச்சி பாட்டை எடுத்து விட்டாள். மோட்ச சந்தோஷத்தைப் பற்றிய பாட்டுதான். பாட்டு ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பெண் புருஷன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதது ஒரு பக்கம். இவர்கள் அவளுக்காக நிறுத்தவும் இல்லை, அவள் இவர்களுக்காக அடக்கவும் இல்லை. விடிகிற நேரத்துக்கு நான் அரைத்தூக்கத்தில் கேட்டேன், இரண்டாம் சரணத்தை அவள் எடுத்தாள். ஆறுதல் வந்துதான் எடுத்தாளா, அழுது தொண்டை கட்டி வேறு வழியில்லாமல் எடுத்தாளா என்று எனக்குத் தெரியாது. முருக்குத்தடியை அவள் கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தாள். நான் கல்யாணமாகிப் போகிறவரை அது அங்கேதான் இருந்தது.

அந்தப் பாட்டுகளில் வருகிற சொல் ‘இரட்சிப்பு’. படித்தவர்கள் பேசுகிறபோது அது ஆத்துமாவோடு நின்றுவிடுகிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அப்படி இல்லை. 1876-ல் மழை பொய்த்து, இரண்டு வருஷம் சென்னை ராஜதானியில் பஞ்சம். அந்தப் பஞ்சத்தை ஒட்டித் திருநெல்வேலியில் பல ஆயிரம் பேர் சபைகளைத் தேடி வந்தார்கள். ‘கஞ்சிக்கு வந்த வேதக்காரன்’ என்று கேலி உண்டு. என் பாட்டையாவின் தகப்பனாரும் அந்தக் கஞ்சியில் வந்தவர்தான் என்று வீட்டில் சொல்வார்கள், வெட்கப்படாமல் சொல்வார்கள். வந்த காரணம் கஞ்சி. தங்கிய காரணம் வேறு. கஞ்சி நின்ற பிறகும் அவர்கள் திரும்பிப் போகவில்லை என்பதைக் கேலி செய்கிறவர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ‘ரட்சியும்’ என்று அந்த மனுஷன் கும்பிட்டபோது பசியும் பேய் பயமும் கடனும் பாவமும் எல்லாம் ஒரே மூட்டையாகத்தான் அவர் தலையில் இருந்திருக்கும். அந்த மூட்டையோடே தன்னை ஒருவர் ஏற்றுக்கொண்டார் என்பதுதான் அவருக்குக் கிடைத்த சந்தோஷம். நாளைக்கு மோட்சத்தில் கிடைக்கப்போகிற கூலியாக அதை அவர்கள் நினைத்ததாகத் தெரியவில்லை. மீட்பு சிலுவையில் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, இனி யாரும் அதைப் பறிக்க முடியாது, மரம் சறுக்கினாலும் மழை பொய்த்தாலும் முடியாது என்பதை அவர்கள் பாட்டிலேயே படித்துக்கொண்டார்கள்.

கிருஷ்ண பிள்ளையைச் சொல்லாமல் விட்டால் எங்கள் பக்கத்துப் புலவர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1827-ல் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பராமாயணத்தில் ஊறி, 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். ஜான் பனியன் சிறையில் கிடந்தபோது உருவான மோட்சப் பயணக் கதையை எடுத்து, 3,700-க்கு மேற்பட்ட பாட்டில் இரட்சணிய யாத்திரிகம் பாடினார். 1894-ல் புத்தகமாக வந்தது. அதற்குள் வருகிற தேவாரங்களை எங்கள் கோயில்களில் ராகத்தோடு பாடுவார்கள். கதையின் கடைசியில் ஒரு ஆறு வரும். பாலம் கிடையாது, இறங்கித்தான் கடக்கவேண்டும். ஆச்சிக்கு அந்தக் காவியம் தெரியாது, ஆறு மட்டும் தெரியும். சாகக் கிடக்கிறவர்களைப் பார்த்துவிட்டு வந்தால், “கால் நனைஞ்சாச்சு” என்பாள்.

2011-ல் என் வீட்டுக்காரர் போனார். ஆயிரம் துட்டி வீட்டில் பாடிய என் வாயில் அன்று ஒரு சொல் வரவில்லை. புத்தகம் மடியில் விரிந்து கிடந்தது, எழுத்து ஓடவில்லை. என்னைச் சுற்றி இருந்தவர்கள் பாடினார்கள். எனக்குப் பின்னால் ஒரு கிழவி, எனக்கு மதினி முறை, பல் இல்லாத வாயால் நான் பாடவேண்டிய வரியையெல்லாம் என் காதுக்குள்ளேயே பாடினாள். ஆச்சி அன்று உபதேசியாரிடம் சொன்னதில் பாதிதான் எனக்கு அதுவரை புரிந்திருந்தது.

இப்போது ஊரில் துட்டி என்றால் ஐஸ் பெட்டியோடு கீபோர்டும் ஸ்பீக்கரும் வருகிறது. போன வருஷம் ஒரு வீட்டில், பையன் ஏதோ பொத்தானை மாற்றி அமுக்கிவிட்டான். அடக்கப் பாட்டுக்கு நடுவில் கல்யாண வரவேற்பு மாதிரி டம் டம் என்று தாளம் கிளம்பிவிட்டது. சபை ஐயர் திரும்பிப் பார்த்த பார்வையில் பையன் கீபோர்டையே அணைத்துவிட்டான். இரண்டு விநாடி ஒரே மௌனம். அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் விட்ட இடத்தில் பிடித்து, பழையபடி இழுத்துக்கொண்டு போனது. கீபோர்டு இல்லாமலே பாட்டு முடிந்தது.

என் பாட்டுப் புத்தகத்தின் கடைசித் தாளில் எனக்குப் பாடவேண்டிய பாட்டுகளின் எண்களைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். நாலு எண். இதுவரை ஐந்தாறு தடவை அழித்து எழுதியாகிவிட்டது, தாள் நைந்துவிட்டது. மூன்றாவது பாட்டில் மருமகளுக்குச் சம்மதமில்லை. “அது ரொம்ப நீளம் அத்தை, ஏழு சரணம். நீங்க இழுக்கிற இழுப்புல பாடினா குழிக்குப் போக இருட்டிடும்” என்கிறாள். நாலு சரணம் போதுமென்று அவள் சொல்கிறாள். ஐந்துக்கு நான் இறங்கி வந்திருக்கிறேன்.